சத்தமே இல்லாத 600 குதிரைகள்... ஒரு சிவப்புக் கயிறு! - ஸ்பீடு போட் இன்ஜின்களின் கதை

எல்லாம் ஓர் ஐஸ்க்ரீம் உருகியதில்தான் ஆரம்பித்தது என்கிறார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். 1900-களின் தொடக்கம். சிறுவயதிலேயே நார்வேயிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஓலே எவின்ரூட், தன் காதலி பெஸ்ஸுடன் ஏரிக்கரைக்குப் பிக்னிக் போயிருந்தார். கொளுத்தும் வெயில். ஐஸ்க்ரீம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று பெஸ் சொல்ல, மனிதர் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு, மீண்டும் துடுப்புப் போட்டுத் திரும்புவதற்குள் ஐஸ்க்ரீம் பாலாகிவிட்டது. 'படகுக்குப் பின்னால் ஒரு மோட்டாரைத் தொங்கவிட்டால் என்ன?' என்று அவர் யோசித்தது அந்த வெயிலில்தான் என்பது கதை.

ஐஸ்க்ரீம் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்ற விவாதம் இருக்கட்டும். 1909-ல் எவின்ரூட் விற்க ஆரம்பித்த மோட்டார் உண்மை. அதன் சக்தி ஒன்றரை குதிரைத்திறன். எடை சுமார் 28 கிலோ. விளம்பரத்துக்கு வாசகம் எழுதியது, கணக்கு வழக்கு பார்த்தது எல்லாம் அதற்குள் மனைவியாகிவிட்ட பெஸ்.

படகின் பின்பக்கத்தில் வெளியே தொங்கும் இந்த வகை மோட்டாருக்குத்தான் 'அவுட்போர்டு' என்று பெயர். நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுகளின் பின்னால் பார்க்கிறோமே, அதேதான். ஒன்றரை குதிரைத்திறனில் ஆரம்பித்த அந்த அவுட்போர்டு, இன்று 600 குதிரைத்திறனில் வந்து நிற்கிறது.

தண்ணீரில் இறங்கிய அசுரன்

2021 பிப்ரவரியில், மெர்க்குரி மரைன் நிறுவனம் 'வெராடோ வி-12' என்ற அவுட்போர்டை அறிமுகப்படுத்தியது. உலகின் முதல் 12 சிலிண்டர் அவுட்போர்டு இது. கொள்ளளவு 7.6 லிட்டர். ஆறு ஸ்விஃப்ட் கார்களின் இன்ஜின்களை ஒன்றாகக் கட்டிவைத்தால்தான் அந்த அளவு வரும். எடை கிட்டத்தட்ட 570 கிலோ. பழைய மாருதி 800 கார் ஒன்றைத் தூக்கிப் படகின் முதுகில் மாட்டிவைப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ஓர் இன்ஜின் விலை, அறிமுகமானபோதே 75,000 டாலருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் அறுபது லட்சத்தைத் தாண்டும்.

இவ்வளவு பெரிய இன்ஜினில் டர்போவோ, சூப்பர்சார்ஜரோ எதுவும் இல்லை. காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்காமல், சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் அளவையும் கூட்டியே சக்தியை எடுத்திருக்கிறார்கள். அலட்டாமல் உழைக்கும் இன்ஜின் நீண்டநாள் வரும் என்பது கணக்கு.

இன்னும் இரண்டு விஷயங்கள் புதுசு. ஒன்று, கார்களில் இருப்பதுபோல இரண்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இரண்டாவது, திரும்பும் விதம். வழக்கமான அவுட்போர்டில் படகைத் திருப்ப வேண்டுமென்றால் இன்ஜின் மொத்தமும் இடம் வலமாகத் திரும்பும். இதில் மேல்பகுதி அசையாமல் அப்படியே நிற்க, தண்ணீருக்குள் இருக்கும் கியர் பகுதி மட்டும் திரும்புகிறது. அதனால் இடிக்காமல் இன்ஜின்களை நெருக்கமாக அடுக்க முடிகிறது. அடுக்கவும் செய்கிறார்கள்! மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக மாட்டிய படகுகள் அமெரிக்காவில் ஓடுகின்றன. நான்கு மாட்டினால் 2,400 குதிரைத்திறன். ஒரு பணக்காரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகும் படகைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

படகுக்கு எதற்கு இவ்வளவு சக்தி?

நியாயமான கேள்விதான். ஃபார்முலா ஒன் காரே ஆயிரம் சொச்சம் குதிரைத்திறனில் பறக்கிறதே?

காரும் படகும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாதாரண காருக்கு, அந்த வேகத்தைத் தக்கவைக்க 20 குதிரைத்திறன் அளவில் இருந்தாலே போதும். காலை எடுத்தாலும் கொஞ்ச தூரம் அதுவாக உருளும். படகுக்கு உருளுதல் என்பதே கிடையாது. தண்ணீர், காற்றைப்போல 800 மடங்கு அடர்த்தி. ஆக்ஸிலரேட்டரைக் குறைத்த மறுகணமே தண்ணீர் பிடித்து நிறுத்திவிடும். ஏற்காடு மலைப்பாதையில், இறக்கமே இல்லாமல் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும் காரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படகு இன்ஜினின் வாழ்க்கை அதுதான்.

அதிலும் வேகப்படகுக்குக் கூடுதலாக ஒரு வேலை. மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. முன்னால் ஓர் அலை எழும்பி மேடு கட்டி நிற்கும். சக்தியைக் கூட்டக் கூட்ட மூக்கு மேலே தூக்கும். ஒரு கட்டத்தில் படகு அந்த அலைமேட்டின் மேலேயே ஏறி, தண்ணீரின் பரப்பில் சறுக்க ஆரம்பித்துவிடும். குளத்தில் தட்டைக்கல்லை வீசி விளையாடியவர்களுக்கு இது புரியும். மேலே ஏறும் அந்தச் சில நொடிகளில்தான் இன்ஜினுக்கு உயிர் போகிற வேலை. இரண்டு வேக கியர்பாக்ஸ் கொண்டு வந்ததே அந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

இதற்கெல்லாம் பெட்ரோல்? பெட்ரோல் அவுட்போர்டுகளுக்குப் படகோட்டிகள் சொல்லும் ஒரு மனக்கணக்கு உண்டு. முழு வேகத்தில் 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஓர் அமெரிக்க கேலன், அதாவது 3.8 லிட்டர். அப்படியானால் 600 குதிரைத்திறனுக்கு மணிக்கு 225 லிட்டரை ஒட்டி வரும். நான்கு இன்ஜின் என்றால் 900 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட 90,000 ரூபாய். ஐஸ்க்ரீம் வாங்கப் போவதற்கு இது ரொம்பவே அதிகம்!

பழுதான மோட்டாரில் தொடங்கிய ராஜ்ஜியம்

மெர்க்குரியின் பூர்வகதையும் விஸ்கான்சினில்தான் தொடங்குகிறது. 1939-ல் கார்ல் கீக்காஃபர் என்பவர் நொடித்துப்போன ஓர் அவுட்போர்டு கம்பெனியை வாங்கினார். கூடவே வந்தவை, சரியாக ஓடாததால் வாடிக்கையாளர் நிறுவனம் திருப்பியனுப்பிய சுமார் 300 மோட்டார்கள். அவற்றைப் பிரித்து மேய்ந்து சரிசெய்து, திருப்பியனுப்பிய அதே நிறுவனத்திடமே விற்றார். அங்கிருந்து எழுந்ததுதான் மெர்க்குரி. படகு மோட்டாருக்கு விளம்பரம் வேண்டும் என்பதற்காக கார் பந்தயத்தில் இறங்கி, 1955, 1956 என அடுத்தடுத்து இரண்டு வருடங்கள் நாஸ்கார் சாம்பியன்ஷிப்பையும் தட்டித் தூக்கிய மனிதர் அவர்.

அந்தப் பந்தய வெறி இன்றும் 'மெர்க்குரி ரேசிங்' என்ற தனிப் பிரிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்களின் உச்சம் அவுட்போர்டு அல்ல. படகின் உடலுக்குள்ளேயே உட்காரும் 9 லிட்டர் வி-8 இன்ஜின். இரட்டை டர்போவுடன் 1,350 குதிரைத்திறன். அதே இன்ஜினில் ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் 1,550 தரும் மாடலும் உண்டு. இரண்டு இன்ஜின் போட்டால் மூவாயிரத்தைத் தாண்டும்.

போட்டியாளர்களும் சும்மா இல்லை. 2011-ல் செவன் மரைன் என்ற சின்ன நிறுவனம், கெடிலாக் காரின் சூப்பர்சார்ஜ் செய்யப்பட்ட வி-8 இன்ஜினை அப்படியே செங்குத்தாக நிறுத்தி 557 குதிரைத்திறன் அவுட்போர்டாக்கிக் காட்டியபோது படகு உலகமே வாயைப் பிளந்தது. 2017-ல் வோல்வோ பென்டா அதை வாங்கியது. மெர்க்குரியின் வி-12 வருவதற்குச் சற்று முன்னால் மூடியும் விட்டது. யமஹா 2018-ல் 5.6 லிட்டர், 425 குதிரைத்திறன் வி-8 கொண்டுவந்தது. இந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கி விழுந்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? எவின்ரூட்! அவுட்போர்டை வீட்டுப் பொருளாக்கிய அந்த பிராண்டின் தயாரிப்பை, 2020 மே மாதம் அதன் உரிமையாளரான பி.ஆர்.பி நிறுவனம் நிறுத்திவிட்டது.

கோலி டீமும் ஓட்டுது!

பெட்ரோலே வேண்டாம் என்கிற கூட்டமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் தொடங்கியது 'இ-1' என்கிற மின்சாரப் படகுப் பந்தயத் தொடர். டீம் ஓனர்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ரஃபேல் நடால், டாம் பிராடி, வில் ஸ்மித்... கூடவே நம் விராட் கோலி. 'ப்ளூ ரைசிங்' அவர் டீம். ஒவ்வொரு டீமிலும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு பைலட்கள் கட்டாயம். முதல் சீசன் கோப்பை டாம் பிராடி டீமுக்குப் போனது.

இந்தப் படகில் இருப்பது 150 கிலோவாட் மின்சார மோட்டார். சுமார் 200 குதிரைத்திறன். தண்ணீருக்கு அடியில் இறக்கை போன்ற தகடுகள் இருப்பதால், வேகம் பிடித்ததும் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி மிதக்கும். மணிக்கு 93 கிலோமீட்டர் வரை போகும். பிரச்னை பேட்டரிதான். இதன் பேட்டரி 35 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதாவது மொத்த பேட்டரியும் நான்கு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். மின்மோட்டார் ஆற்றலை வீணாக்காது என்பதால் கொஞ்சம் கூடுதல் தூரம் வரும். ஆனாலும், பந்தயத்துக்குச் சரி. நடுக்கடலுக்குப் போய்த் திரும்ப இது காணாது.

சத்தம் குறைந்தது... பயமும் குறைந்தது!

இப்போது கொஞ்சம் சீரியஸான பகுதிக்கு வருவோம்.

பழைய டூ ஸ்ட்ரோக் பந்தய மோட்டார்களை ஓட்டியவர்களுக்கு வேகம் என்றால் என்னவென்று உடம்பே சொல்லிவிடும். காது கிழியும், ஸ்டீயரிங் கையில் நடுங்கும், புகை மூக்கை அடைக்கும். புதிய இன்ஜின்களின் பெருமையே அதையெல்லாம் இல்லாமல் செய்ததுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிகிற அளவுக்குச் சத்தம் குறைவு. ஸ்டீயரிங் மின்சாரம். கரையில் நிறுத்த வீடியோகேம்போல ஒரு ஜாய்ஸ்டிக். நிறுவனங்கள் இதைத்தான் 'யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்' என்று விற்கின்றன. என்னைக் கேட்டால், கவலையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு ஓட்ட, கார் லைசென்ஸ்போல நாடு முழுமைக்குமான ஓட்டுநர் உரிமம் கிடையாது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மயாமி இருக்கும் ஃப்ளோரிடாவில், 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்ட, பாதுகாப்புப் பாடம் படித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம். 1987 டிசம்பரில் பிறந்த ஒருவர், வாழ்நாளில் படகையே தொட்டதில்லை என்றாலும், 2,400 குதிரைத்திறன் படகை வாங்கி மறுநாளே கடலில் இறக்கலாம்.

ஓட்டுபவர் தவறி விழுந்தால் என்ன ஆகும்? காரில் விழ வாய்ப்பில்லை. கதவு, சீட் பெல்ட் இருக்கின்றன. திறந்த படகில் ஓர் அலை குறுக்கே தூக்கிப்போட்டால் போதும். ஆள் தண்ணீரில், இன்ஜின் அதே வேகத்தில். ஆளில்லாத படகு பெரும்பாலும் நேராகப் போவதில்லை. புரொப்பல்லர் சுழலும் விசையால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுபட்டு, வட்டமடிக்க ஆரம்பிக்கும். வட்டம் என்றால், விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். நிமிடத்துக்கு 3,200 முறை சுற்றும் மூன்று இலை புரொப்பல்லர், ஒரு நொடிக்கு 160 வெட்டு வெட்டும்.

2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பேட்ஸ்டோ அருகே இது அப்படியே நடந்தது. விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தின் ஸ்பீடு போட், ஒரு திருப்பத்தில் குடும்பத்தினர் ஆறு பேரையும் தண்ணீரில் வீசியது. பிறகு அவர்களையே சுற்றிச் சுற்றி வந்தது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டிய விஷயம் ஒரே வரி: ஓட்டுபவரின் உடம்பில் 'கில் கார்டு' மாட்டப்பட்டிருக்கவில்லை.

அந்தச் சிவப்புக் கயிறு

கில் கார்டு என்பது சுருள் சுருளான ஒரு சிவப்புக் கயிறு. பழைய லேண்ட்லைன் போனின் வயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை ஸ்டீயரிங் அருகில் உள்ள ஸ்விட்ச்சில் கிளிப்பாகச் செருகியிருக்கும். மறுமுனையை ஓட்டுபவர் தொடையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு கிளிப் பிடுங்கிக்கொள்ளும். இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். டிரெட்மில்லில் நடப்பவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்வதும் இதே ஐடியாதான். இப்போது வயர்லெஸ்ஸிலும் வந்துவிட்டது. சின்ன பட்டன் போன்ற ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், அது தண்ணீரில் மூழ்கியதுமே இன்ஜின் அணைந்துவிடும்.

2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் இதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி கட்டாயம். வி-12 அறிமுகமாகி இரண்டே மாதத்தில் வந்த சட்டம். ஆனால் அதில் ஒரு வேடிக்கை. 26 அடிக்குக் குறைவான நீளமுள்ள படகுகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். மூன்று, நான்கு வி-12 மாட்டும் படகுகள் எல்லாம் நாற்பது அடி, ஐம்பது அடி! 3 குதிரைத்திறன் மோட்டார் போட்ட சின்னப் படகுக்காரருக்குக் கட்டாயம். 2,400 குதிரைத்திறன் வைத்திருப்பவருக்கு அவரவர் விருப்பம். பெரிய படகிலிருந்து எளிதில் விழமாட்டார்கள் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கையாக இருக்கலாம். கடல் அந்தச் சட்டத்தைப் படித்திருக்காது.

மும்பையில் நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று கடந்துபோக முடியாதபடி ஒரு வீடியோ நம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. 2024 டிசம்பர் 18. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்கு நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது 'நீல்கமல்' என்ற படகு. தூரத்தில் ஒரு ஸ்பீடு போட் அதிவேகத்தில் வளைந்து திரும்புகிறது. பயணிகளில் ஒருவர் அதை ஆர்வமாக போனில் படம் பிடிக்கிறார். சில நொடிகளில் அது நேராக வந்து மோதுகிறது.

மோதியது இந்தியக் கடற்படையின் படகு. இன்ஜின் சோதனை ஓட்டத்தின்போது, இன்ஜின் கோளாறால் கட்டுப்பாட்டை இழந்தது என்று கடற்படை அறிவித்தது. இரண்டு படகிலும் சேர்த்து 15 பேர் இறந்துபோனார்கள்.

இங்கே பிரச்னை சிவப்புக் கயிறு அல்ல. ஆக்ஸிலரேட்டர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனால், இவ்வளவு சக்தியுள்ள படகு மற்றவர்களை நோக்கி வர எத்தனை நொடி எடுக்கும் என்பதுதான். தண்ணீரில் பிரேக் கிடையாது. பயணிகள் படகுகள் போய்வரும் வழியை ஒட்டி இப்படியொரு சோதனை ஓட்டம் ஏன் நடந்தது என்ற கேள்வியை அன்று எல்லோருமே கேட்டார்கள். அதன் பிறகுதான் அந்த வழித்தடத்துப் படகுகளில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமாக்கப்பட்டது.

முட்டுக்காட்டில் ஏறும்போது...

நம் மீனவர்களின் ஃபைபர் படகுகளில் பரவலாக இருப்பது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. எவின்ரூட்டின் முதல் மோட்டாரைப்போல ஆறேழு மடங்கு. வி-12-ல் அறுபதில் ஒரு பங்கு. அவர்கள் அதிகாலையில் கடலுக்குப் போவது பந்தயத்துக்கு அல்ல. ஆனால், பின்னால் நின்று மோட்டார் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுபவர் அலையில் தடுமாறினால், 9.9-க்கும் 600-க்கும் புரொப்பல்லர் விஷயத்தில் வித்தியாசம் இல்லை. அந்தச் சின்ன மோட்டார்களிலும் கயிறு மாட்டும் ஸ்விட்ச் வருகிறது.

சுற்றுலா போகும் நமக்கு ஸ்பீடு போட் என்றால் முட்டுக்காடு மாதிரியான இடங்கள்தான். ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளைக் கடைசிவரை மாட்டுங்கள். செல்ஃபிக்காகக் கழற்ற வேண்டாம். குழந்தைக்குப் பெரியவர் சைஸ் ஜாக்கெட் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும். படகின் மூக்கிலோ, ஓரத்து விளிம்பிலோ உட்கார வேண்டாம்.

பிறகு ஓட்டுபவரின் பக்கம் ஒரு பார்வை. கிளிப் ஸ்விட்ச்சில் செருகியிருக்கும். அது இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அதனால் கிளிப்பைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். கயிற்றின் இன்னொரு முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங்கில் சும்மா சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தால், "அண்ணே, அதை மாட்டிக்கிட்டு ஓட்டுங்க" என்று சொல்லலாம். சொல்வதற்கு நேரம் இருப்பது படகு கிளம்புவதற்கு முன்புதான். கிளம்பிய பிறகு காற்றில் அவருக்குக் கேட்காது.